தூக்கிய திருவடிக்குப் பொருள் சொன்னவர்!

திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் சந்நிதியில் நின்று சேவித்திருக்கிறீர்களா? ஒருமுறை நின்றவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு மறக்கவே மறக்காது. அண்ணாந்து பார்த்தால்தான் முழுத் திருமேனியும் கண்ணுக்குள் அடங்கும். ஒரு திருவடியை மண்ணில் ஊன்றி, மறு திருவடியை விண்ணை நோக்கித் தூக்கி... அடடா! எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் நிறையாது. தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு, மனம் குளிர வெளியே வருகிறோம்.

இப்போது சற்றே யோசித்துப் பாருங்கள். வாமன அவதாரக் கதையைக் காதால்கூடக் கேட்டறியாத வெளிநாட்டவர் ஒருவர் இதே போன்ற ஒரு திருமேனியின் முன் வந்து நிற்கிறார். அவர் கண்ணுக்கு என்ன தெரியும்? காலைத் தூக்கி நிற்கும் ஒரு பெரிய உருவம். அவ்வளவுதான்! மூவுலகையும் அளந்த கருணை அவருக்குத் தெரியுமா? மகாபலியின் தலைமேல் வைத்த திருவடி அருளா, தண்டனையா என்பதுதான் புரியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு வாழ்க்கையைச் செலவிட்டவர் இருக்கிறார். தந்தை ஈழத்துத் தமிழர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. நம் தெய்வத் திருமேனிகளை விகாரம் என்று முகம் சுளித்த மேலை நாட்டாருக்கு, அவர்கள் மொழியிலேயே, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பொருள் சொன்ன மகா மேதை. அவர்தான் ஆனந்த குமாரசுவாமி!

ரேழியில் பிறந்த குழந்தை

திருக்கோவிலூர் என்றதும் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த அந்த மழை இரவு நினைவுக்கு வராமல் இருக்குமா? பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த ஓர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கினார்கள். இருட்டு. நான்காவதாக யாரோ நெருக்குகிறார்கள்! முதல் இரு ஆழ்வார்களும் பாசுரங்களாலேயே விளக்கேற்றினார்கள். ஒன்று உலகத்தையே அகலாகக் கொண்ட புற விளக்கு. மற்றொன்று அன்பையே அகலாகக் கொண்ட அக விளக்கு. அந்த வெளிச்சத்தில் பேயாழ்வார் பெருமாளைக் கண்டுகொண்டார்.

இடைகழி என்பதைத்தான் நம் பாட்டிமார் ரேழி என்பார்கள். தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள வழி. இத்தலத்துப் பெருமாளுக்கு தேஹளீசன் என்றே திருநாமம். தேஹளீ என்றால் வாசற்படி.

ரேழியில் நிற்பவருக்கு ஒரு வசதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? தெருவில் போகிறவர் என்ன பேசுகிறார் என்பதும் காதில் விழும். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். ஆனந்த குமாரசுவாமி அப்படி ஒரு ரேழியில் பிறந்தவர்தான். மேற்கு ஒரு பக்கம், கிழக்கு ஒரு பக்கம். இரண்டும் அவருக்குச் சொந்தம்.

1877-ம் ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதி கொழும்பில் பிறந்தார். ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி என்பது முழுப் பெயர். ஆனந்த என்பது கீழைநாட்டுப் பெயர். குமாரசுவாமி நம் முருகப் பெருமான் திருநாமம். நடுவில் கென்டிஷ்? தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துக்காரர். அந்த மண்ணின் பெயர். ஒரே பெயருக்குள் இரண்டு கரைகள்!

மூன்று தலைமுறைத் தூது

இந்தக் குடும்பத்துக்கே ஒரு விசேஷம் உண்டு. தலைமுறை தலைமுறையாக இவர்கள் இரண்டு உலகங்களுக்கு நடுவே தூது போனவர்கள்.

தாத்தா ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி, யாழ்ப்பாணத்து பருத்தித்துறைப் பக்கத்தைச் சேர்ந்தவர். இலங்கையை ஆண்ட ஆங்கிலேய ஆளுநரிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, முதலியார் பட்டம் பெற்று, 1835-ல் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர். ஆள்பவர் பேச்சை ஆளப்படுபவருக்கும், ஆளப்படுபவர் குறையை ஆள்பவருக்கும் எடுத்துச் சொல்வதே அவர் உத்தியோகம்.

தந்தை சர் முத்து குமாரசுவாமி ஒரு படி மேலே போனார். கடல் கடந்து இங்கிலாந்து சென்று, லண்டனின் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் 1863-ல் பாரிஸ்டர் ஆனார். அங்கே அப்படித் தேறிய முதல் இந்து அவர்தான். அதே வருஷம் இன்னொரு காரியமும் செய்தார். நாம் சிறு வயதில் கேட்டுக் கண்ணீர் விட்ட அரிச்சந்திரன் கதை இருக்கிறதே, அந்தத் தமிழ் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து லண்டனில் அச்சிட்டார்! சுடுகாடு காத்தும் பொய் சொல்லாத நம் அரிச்சந்திரனை ஆங்கிலேயர் தங்கள் மொழியிலேயே படித்தார்கள். பிறகு பாலி மொழியிலிருந்து பௌத்த நூல்களையும் ஆங்கிலமாக்கினார். 1874-ல் சர் பட்டம் வந்தது.

அவருடைய சகோதரி பிள்ளைகள் யார் தெரியுமா? இலங்கைத் தமிழர் இன்றும் மரியாதையோடு நினைக்கும் சர் பொன்னம்பலம் இராமநாதனும், சர் பொன்னம்பலம் அருணாசலமும்தான். இவர்களின் தந்தை பொன்னம்பல முதலியார் கொழும்பில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலை, பின்னாளில் முழுக்கக் கருங்கல் திருப்பணியாகவே செய்தவர் இராமநாதன். அதே இராமநாதன் இயேசுநாதரின் சுவிசேஷங்களுக்கு நம் சைவ ஞான நோக்கில் ஆங்கிலத்தில் விரிவுரை எழுதினார். நம்மைப் பற்றி அவர்கள் எழுதிக் குவித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய வேதத்தை நம் கண்ணால் படித்துக் காட்டிய துணிச்சல் அது!

இப்படிப்பட்ட குடும்பம். ஆனால், குழந்தை ஆனந்தனுக்கு அதன் மடியில் வளரக் கொடுத்து வைக்கவில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் முதலில் இங்கிலாந்து சென்றார். பின்னாலேயே தந்தையும் வருவதாக ஏற்பாடு. அவர் கப்பலேற இருந்த வேளையில், 1879 மே மாதம், கொழும்பிலேயே காலமாகிவிட்டார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தந்தையின் முகம் நினைவில் பதியவில்லை. தந்தையின் மொழி நாவில் ஏறவில்லை. பெயர் மட்டுமே மிஞ்சியது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பாரம்பரியம் என்பது ரத்தத்தில் தானாக ஓடி வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வராது. தேடிப் போய் எடுத்துக்கொள்பவருக்குத்தான் அது சொந்தம். ஆனந்த குமாரசுவாமி தேடிப் போனார்.

கல்லைத் தேடிப் போனவர்

இங்கிலாந்தில் வைக்ளிஃப் பள்ளியில் படித்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் கற்றுப் பட்டம் பெற்றார். பிறந்த மண்ணுக்குத் திரும்பி, 1903-ல் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநரானபோது அவருக்கு வயது இருபத்தைந்து சொச்சம்தான்! 1904-ல் தோரியனைட் என்ற புதிய கனிமத்தைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்.

பாறையைத் தட்டிப் பார்க்க ஊர் ஊராக நடந்தவரின் கண்ணில் வேறொன்று பட்டது. கண்டிச் சீமைக் கிராமங்களில் பரம்பரை பரம்பரையாகச் சிற்பம் செதுக்கியவர்கள், தந்தம் கடைந்தவர்கள், பாய் நெய்தவர்கள் எல்லோரும் தொழில் நசிந்து நின்றார்கள். அந்நிய நாட்டு மலிவுச் சரக்கு சந்தையை நிறைத்திருந்தது. அதைவிட வருத்தம், நம்மவர்களே நம்முடைய பொருளைக் கேவலமாக நினைக்க ஆரம்பித்திருந்தார்கள். நம் உடை அவமானம், நம் பாட்டு அவமானம், நம் சாமி அவமானம்!

1905-ல் ‘கடன் வாங்கிய இறகுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். பொருந்தாத மேல்நாட்டு உடையை மாட்டிக்கொண்டு தன் அழகைத் தானே தொலைக்கும் மோகத்தைப் பற்றியது அது. அதே காலத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தையும் அமைத்தார். யோசிக்காமல் மேற்கைக் காப்பியடிப்பதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் மேற்கைப் பார்த்து மயங்கி நின்றபோது, மேற்கில் வளர்ந்தவர் அந்த மயக்கத்தை உடைக்கிறார். காரணம், அவர் மேற்கை உள்ளிருந்து பார்த்தவர். அதன் பெருமையும் தெரியும், அதன் குறையும் தெரியும். தாய்வீட்டில் நடப்பது தெரிந்தவருக்கு அதைப் பற்றிப் பயம் எதற்கு? பிரமிப்புதான் எதற்கு?

1908-ல் அவரது பெரிய நூல் வந்தது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றியது. அவர் மனைவி எதெல் கிராமம் கிராமமாக எடுத்த புகைப்படங்கள் அதில் இடம்பெற்றன. இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே கை அச்சு இயந்திரம் வைத்து, பார்த்துப் பார்த்து 425 பிரதிகள் அச்சிட்டார்.

விகாரமா... விஸ்வரூபமா?

மேற்கத்தியர் நம் தெய்வங்களைப் பார்த்த விதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வர்த்தேமா என்ற இத்தாலியப் பயணி கோழிக்கோட்டில் தாம் கண்டதாக ஒரு சாமி உருவத்தைப் பற்றி எழுதினார். 1510-ல் அச்சான அந்தப் புத்தகத்தில் நம் சாமி, கொம்பும் கோரைப் பல்லும் கொண்ட பிசாசாக மாறிவிட்டது! கோயிலையே பார்த்திராத ஐரோப்பிய ஓவியர்கள் அதை வைத்துப் படமும் போட்டார்கள். தங்கள் ஊர் தேவாலயச் சுவரில் பார்த்த சாத்தானைத்தான் அவர்களுக்கு வரையத் தெரிந்திருந்தது. ஆக, அந்தப் பிசாசு நம் கோயிலில் இருந்ததில்லை. அது அவர்கள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

நூற்றாண்டுகள் ஓடின. பிசாசு என்று சொல்வதை விட்டார்கள். ஆனால், கலை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்று ஒரு அறிஞர். இந்தியாவிலேயே பிறந்தவர். நம் நெசவையும் நகை வேலையையும் மனமாரப் புகழ்ந்து 1880-ல் புத்தகம் எழுதியவர். அவரே, புராண தெய்வங்களின் விசித்திர உருவங்கள் உயர்ந்த கலைக்கு ஒத்துவராது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். 1910-ல் லண்டனில் ஒரு கூட்டம். ஜாவாவைச் சேர்ந்த புத்தர் சிலை ஒன்றின் படம் அங்கே இருந்தது. தியானத்தில் அமர்ந்த அந்தத் திருவுருவை, கொழுப்புச் சேர்த்து அவித்த மாவுப் பண்டத்தோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டார் அவர்!

படிக்கும் நமக்கே சுரீரென்கிறது, இல்லையா? ஆனந்த குமாரசுவாமி என்ன செய்தார்? அதே ஊரில், நல்ல மனம் கொண்ட ஆங்கிலேயர்களோடு கை கோத்தார். சென்னை ஓவியப் பள்ளியில் முன்பு பணியாற்றிய ஹேவல், ஓவியர் ரோதன்ஸ்டைன் போன்றவர்கள் அவரோடு நின்றார்கள். 13 பேர் கையெழுத்திட்டு, இந்தியக் கலையின் மேன்மையைச் சொல்லி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டார்கள். அதே 1910-ல் இந்தியக் கலைக்கென லண்டனில் இந்தியா சொசைட்டி என்ற சங்கமும் பிறந்தது.

மூன்று வருஷம் கழித்து, பல கைகள் கொண்ட இந்தியத் திருமேனிகள் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார் குமாரசுவாமி. மனித உடம்பில் இரண்டு கைதானே உண்டு, நான்கு எப்படி என்று அளவுகோல் வைத்து அளப்பது தவறு; சிற்பி எதைச் சொல்ல வந்தான், அதைச் சொல்லிவிட்டானா என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நியாயம்தானே? தேவதூதர்களின் தோளில் இறக்கை வரைகிற மேற்கு, அதை உடற்கூறுப்படி சரியா என்று கேட்பதில்லையே!

இந்த இடத்தில் திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் நினைவுக்கு வருகிறார். பகைவனான முத்தநாதன், போரில் வெல்ல முடியாமல் திருநீறு பூசிச் சிவனடியார் வேடத்தில் வந்தான். ஓலைச் சுவடிக் கட்டுக்குள் கத்தி. ஆகமம் சொல்ல வந்ததாகச் சொன்னவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தி, தாம் கீழே அமர்ந்து வணங்கினார் மன்னர். கத்தி பாய்ந்தது. ஓடி வந்த தத்தனைத் தடுத்து, அடியார் வேடம் தாங்கியவர் நம்மவர் என்று அவனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்தி விடச் சொன்னார். உயிர் போகும் நேரத்திலும் அந்தத் திருவேடம் குறிக்கும் பரம்பொருளைத்தான் அவர் கண்டார்.

வெளித் தோற்றத்தோடு நின்றுவிட்டவர் பேர்ட்வுட். வெளித் தோற்றத்தின் வழியே உள்ளே இருப்பதைத் தொட்டவர் மெய்ப்பொருளார். நம் முன்னோரின் பார்வை எது, மேற்கத்தியப் பார்வை எங்கே தடுக்கி விழுந்தது என்பது இந்த ஓர் உதாரணத்தில் விளங்கிவிடும்.

பெண்ணைக் கரைத் தமிழ் பேசியது!

இனி வருவதுதான் நாம் பெருமையோடு காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய செய்தி.

1912-ல் குமாரசுவாமி எழுதிய ‘சிவ தாண்டவம்’ பற்றிய ஆங்கிலக் கட்டுரை எங்கே வெளியானது தெரியுமா? லண்டனில் இல்லை. நம் சென்னையில்! சைவ சித்தாந்தத்தை ஆங்கிலத்தில் பரப்புவதற்காக ஜே.எம். நல்லசாமி பிள்ளை 1897-ல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ இதழில். மாவட்ட முன்சீஃப் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் தந்த பெருமகன் நல்லசாமி பிள்ளை.

நடராஜப் பெருமானின் தாண்டவத்தை விளக்க குமாரசுவாமி எடுத்துக்கொண்ட நூல்களில் முக்கியமானது ‘உண்மை விளக்கம்’. அதை இயற்றியவர் திருவதிகை மனவாசகம் கடந்தார். அவருடைய குரு மெய்கண்டார். திருவெண்ணெய்நல்லூரில் ஞானம் பெற்று சிவஞான போதம் அருளியவர். திருவெண்ணெய்நல்லூர் எங்கே இருக்கிறது? திருக்கோவிலூரிலிருந்து கொஞ்ச நேர பஸ் பயணம்தான். இரண்டு ஊருக்கும் தென்பெண்ணை ஆறுதான் தாய். திருவதிகையும் திருக்கோவிலூரைப் போலவே அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. ஆக, நடுநாட்டில் 13-ம் நூற்றாண்டில் குருவும் சீடனும் உட்கார்ந்து பேசிய தமிழ், எழுநூறு வருஷங்கள் கழித்து உலகத்துக்கே நடராஜரை விளக்கியது!

அப்படி என்ன விளக்கம்? நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வசதியாக இதோ...

உடுக்கை ஏந்திய கை படைக்கிறது. அபயம் காட்டும் கை காக்கிறது. அக்னி ஏந்திய கை ஒடுக்குகிறது. ஊன்றிய திருவடி மறைக்கிறது. அதாவது, வினை தீரும்வரை உயிரை உலக அனுபவத்தில் வைத்திருக்கிறது. தூக்கிய திருவடி? அதுதான் அருள். பிறவிக் கடலிலிருந்து நம்மைக் கரையேற்றும் முக்தி. ஐந்தொழிலும் ஒரே திருமேனியில்! கை நான்கு இருப்பது ஏன், கால் தூக்கி இருப்பது ஏன் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது அல்லவா?

தமிழ் நாவில் ஏறாமல் வளர்ந்தவர், மொழிபெயர்ப்புகளின் துணையோடு தமிழ் ஞானத்தை எட்டிப் பிடித்தார். தாத்தா பேச்சை மொழிபெயர்த்தார். தந்தை நூலை மொழிபெயர்த்தார். பேரன் தெய்வத் திருமேனியையே மேற்கின் மொழிக்குப் பெயர்த்தார்! விஞ்ஞானம் பழக்கிய ஆராய்ச்சி அவருக்குப் புற விளக்கு. முன்னோர் வழி வந்த அன்பு அக விளக்கு. இரண்டும் சேர்ந்து எரிந்தபோதுதான் இருட்டில் நெருக்கிய தெய்வம் இன்னதென்று மேற்குக்குப் புலப்பட்டது.

பலனும் கண்ணெதிரே கிடைத்தது. சென்னை அருங்காட்சியக நடராஜர்களின் படங்களைப் பார்த்து, பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சிற்பி ரொதேன் நெகிழ்ந்து எழுதிய கட்டுரை 1921-ல் பாரிஸில் வெளியானது. அதே தொகுப்பில் குமாரசுவாமியின் எழுத்தும் இருந்தது. மேற்கு முழுவதும் ஒரே குரலில் பேசவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. விளக்கு ஏற்றி வைத்தால் பார்க்கத் தயாராக இருந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அயர்லாந்தில் பிறந்து, விவேகானந்தரின் சிஷ்யையான சகோதரி நிவேதிதை, நம் இதிகாச புராணக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதே 1911-ல் காலமானார். அந்தப் புத்தகத்தை முடித்து 1913-ல் வெளிவரச் செய்தவர் நம் குமாரசுவாமிதான்.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள்

ராஜஸ்தானத்தின் பழைய ஓவியங்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார் குமாரசுவாமி. ராதையும் கண்ணனும் உயிரோடு உலவும் அந்த ஓவியங்களுக்கு, காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக ஆயுதம் எடுக்கவும் மறுத்துவிட்டார். 1917-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவரையும் அவருடைய ஓவியச் சேகரிப்பையும் வரவேற்றது. கடைசி வரை முப்பது ஆண்டுகள் அங்கேதான். 1918-ல் ‘சிவ தாண்டவம்’ கட்டுரை அதே பெயரில் வந்த தொகுப்பு நூலில் இடம்பெற்று உலகமெங்கும் போனது.

அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அவர் சொன்ன ஒரு கருத்து வியப்பானது. கோயிலில் பூஜிக்கவும், வீட்டில் புழங்கவும் செய்த பொருள்கள் இவை. கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கவென்று யாரும் இவற்றைச் செய்யவில்லை என்றார். வாழ்விலிருந்து பிரித்துவிட்டால் பொருள் போய்விடும். வெறும் அழகு மட்டுமே மிஞ்சும் என்று எச்சரித்தார்.

அது எவ்வளவு சத்தியம்! அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலிலிருந்து திருடு போன நடராஜரை, ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் 2008-ல் பெரும் விலை கொடுத்து வாங்கியது. வழக்குகளுக்குப் பிறகு 2014-ல் சுவாமி நாடு திரும்பினார். பூதம் என்று பழித்த காலம் போய், கோடிகள் கொடுத்து வாங்கும் காலம் வந்தது. ஆனால், விலை தெரிவதும் பொருள் தெரிவதும் ஒன்றா?

பிற்காலத்தில் உபநிஷதங்களோடு கிரேக்க ஞானி பிளேட்டோவையும், கிறிஸ்தவ ஞானிகளையும் அருகருகே வைத்துப் படித்தார். மேற்கைத் திட்டித் தீர்ப்பது அவர் வேலையாக இருக்கவில்லை. உங்கள் பாட்டனாரும் இதையேதான் சொன்னார், நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று அவர்களுக்கு நினைவூட்டினார். தாயின் பக்கத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை!

மேதைக்கும் குறை உண்டு. அவரது இல்லறம் நேர்கோடாகப் போகவில்லை. நான்கு முறை மணம் புரிந்தவர். பழைமை மீது கொண்ட பற்றினால் உடன்கட்டை ஏறுவதைக்கூடப் போற்றி எழுதியிருக்கிறார். பெண்களாகிய நம்மால் அதை ஒருநாளும் ஏற்க முடியாது. முன்னோர் வழியை நேசிக்கலாம். அதற்காக ஒரு கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்ற பாடமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15... பாரதம் விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. நண்பர்கள் கூடி விருந்து வைத்தார்கள். அடுத்த வருஷம் இந்தியா திரும்பி, இமயத்தின் மடியில் தவ வாழ்வு வாழப் போவதாக அறிவித்தார். ஆனால், செப்டம்பர் 9-ம் தேதி இறைவன் அவரை அழைத்துக்கொண்டான். தந்தையின் கப்பல் பயணம் போலவே மகனின் பயணமும் புறப்படாமலே நின்றுபோனது.

நம் வீட்டு ரேழியில்...

2004-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் அணு ஆராய்ச்சி மையத்துக்கு இந்திய அரசு ஒரு நடராஜர் சிலையை அன்பளித்தது. பிரபஞ்ச ரகசியத்தைத் தேடும் விஞ்ஞானிகள் நடமாடும் வளாகத்தில் ஆடவல்லான்! அதன் அருகே உள்ள பலகையில் குமாரசுவாமியின் வாக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது.

இன்று நம் குடும்பங்களிலும் எத்தனை ரேழிகள்! மகன் அமெரிக்காவில், மகள் லண்டனில். பேரக் குழந்தைக்குத் தமிழ் பாதி, ஆங்கிலம் பாதி. சிலருக்கு வெளிநாட்டு மருமகள்கூட வந்தாயிற்று. லீவில் ஊருக்கு வரும் குழந்தை, கோயிலில் விரல் நீட்டிக் கேட்கிறது... இந்தச் சாமிக்கு ஏன் இத்தனை கை? யானை முகம் எதற்கு? ஏன் காலைத் தூக்கியிருக்கிறார்?

அப்போது என்ன செய்கிறோம்? உஸ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, கன்னத்தில் போட்டுக்கோ என்கிறோம். அந்தப் பிஞ்சு மனசில் கேள்வி அப்படியே தங்கிவிடுகிறது. நாளைக்குப் பள்ளித் தோழன் ஒருவன் கேலி செய்தால், பதில் தெரியாமல் அது கூனிக் குறுகும். வெளியார் கேலி செய்வதால் மட்டும் நம் தெய்வங்களுக்குக் குறை வந்துவிடாது. பதில் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதுதான் குறை.

தந்தையை அறியாமல், தமிழ் தெரியாமல், கடலுக்கு அப்பால் வளர்ந்த ஒரு பிள்ளை தேடிக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னதை, தினமும் விளக்கேற்றுகிற நாம் நம் பேரக் குழந்தைக்குச் சொல்ல முடியாதா என்ன? அடுத்த முறை கேள்வி வந்தால் சந்நிதி ஓரமாக உட்காருங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உடுக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். ஐந்து நிமிஷம் போதும்!

தலத் துளிகள்

* கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணையின் தென்கரையில் உள்ளது திருக்கோவிலூர். விழுப்புரத்திலிருந்து சுமார் 40 கி.மீ.; திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கி.மீ. விழுப்புரம் - காட்பாடி மார்க்கத்தில் ரயில் நிலையமும் உண்டு.

* உலகளந்த பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த தலம்.

* கீழையூரில் உள்ள வீரட்டேஸ்வரர் கோயில், சிவபெருமான் அந்தகாசுரனை அழித்த வீரட்டத் தலம். அந்தகன் என்றால் பார்வையற்றவன். அறியாமை இருள் நீங்க வேண்டிக்கொள்ள ஏற்ற சந்நிதி!

* ஔவையார் விநாயகர் அகவல் பாடியது இங்குள்ள பெரிய யானைக் கணபதி முன்புதான் என்பது ஐதீகம்.

* மெய்ப்பொருள் நாயனார் குருபூஜை, கார்த்திகை மாத உத்திர நட்சத்திரத்தில் நடைபெறுகிறது.